சக்கரவர்த்திப் பூட்டும் பரண்மேல் பிரசவமும்

அனுமதி இல்லாமல் தன் வீட்டுக்குள் ஒரு எறும்புகூட நுழைய முடியாது என்று பூட்டுக்கடைக்காரர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சும்மா சொல்லவில்லை. வாசல் கதவில் மூன்று பூட்டு. பின்கதவில் இரண்டு. ஜன்னலுக்கு ஜன்னல் கொண்டி, கொண்டிக்குக் கொண்டி பூட்டு. சர்க்கரை டப்பாவுக்குக்கூட ஒரு தடவை போட்டுப் பார்த்தார். மனைவி முறைத்த முறைப்பில் அதை மட்டும் அன்றைக்கே கழற்றிவிட்டார்.

மனைவி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குத் தலைமை நர்ஸ். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஊரில் பாதிப் பேர் பிறந்தவுடன் பார்த்த முதல் முகம் அவளுடையதுதான். ஆகவே ஊரே அவளை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடும். ஏதோ அவசரத்தில் ஒரு நாள் கணவரும் அப்படியே கூப்பிட்டுவிட்டு, இரண்டு நாள் தட்டைவிட்டுத் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

இப்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்த காலம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் சங்கத்தின் கண்காட்சி. எட்டு மாதம் தூக்கம் கெட்டுத் தன் கையாலேயே செய்த புதுப் பூட்டை அங்கே மேசைமேல் வைத்து, முடிந்தால் திறந்து பாருங்கள் என்று ஊருக்கே சவால் விடப் போகிறார். பூட்டுக்குப் பெயர் ‘சக்கரவர்த்தி’. ஆயிரம் நோட்டீஸ் அச்சடித்துக் கட்டுக்கட்டாகப் பரணில் ஏற்றி வைத்திருந்தார். ‘சக்கரவர்த்தி! யாராலும் நுழைய முடியாது!’ என்று கொட்டை எழுத்தில்.

அந்தப் பரணுக்குள்தான் யாரோ நுழைந்துவிட்டார்கள்.

காலை ஏழு மணி. இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். தலைக்கு மேலே, மரப்பலகைத் தட்டுக்கும் கூரை ஓட்டுக்கும் நடுவில், தடதடவென்று ஒரு சத்தம் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனது. பிறகு அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு வந்தது.

“கேட்டுச்சா?” என்றார் அவர்.

“என்னது?”

“மேல. யாரோ பீப்பாய் உருட்டற மாதிரி இல்ல?”

“நேத்தும் கேட்டுச்சு. முந்தாநாளும் கேட்டுச்சு.”

“அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எறும்புகூட நுழைய முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க? சரி, எறும்பு இல்ல, வேற ஏதோன்னு விட்டுட்டேன்.”

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நாற்காலிமேல் ஏறிப் பலகையில் காதை வைத்தார். கண்ணை மூடினார். பூட்டுக்குள் ஸ்பிரிங் நகர்வதைக் காதாலேயே கண்டுபிடிக்கிற ஆள் அவர்.

“எட்டுக் கிலோ இருக்கும். குறைஞ்சது” என்று தீர்ப்புச் சொன்னார்.

விஷயம் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்குப் போனது. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் மோசமான பக்கமாகவே யோசிப்பார்.

“குரங்கா இருக்கப் போகுது சார். ஜாக்கிரதை. கோரைப்பல் இவ்வளவு நீளம் இருக்கும்.”

“என் வீட்டுக்குள்ள குரங்கா? எப்படி வரும்? சாவி வேணுமே?”

“குரங்குக்கு எதுக்கு சார் சாவி?”

பூட்டுக்கடைக்காரரின் முகம் சுருங்கியது. இந்த ஒரு கேள்வி கண்காட்சி நாளில் சபையில் எழுந்தால் என்ன ஆகும்? தன் வீட்டையே காக்கத் தெரியாதவன் ஊர் வீட்டையா காக்கப் போகிறான் என்று சிரிக்க மாட்டார்களா? அந்த நிமிஷமே சபதம் எடுத்தார். இன்றைக்குள் பரண் காலியாக வேண்டும். அதுவும் தன் ஒருவன் கையால்.

அவர் சபதம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சிஸ்டர் பின்பக்கப் படியில் டீயோடு உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளர் காலியாவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது.

“அணில்” என்றாள் உள்ளே வந்து.

“அணிலா? அந்தச் சத்தமா?”

“பொம்பளை அணில். கூரை விளிம்புல ஓடு விலகியிருக்கு, அந்தச் சந்துல போகுது வருது. வாய் நிறைய நார்.”

“பொம்பளைன்னு எப்படிச் சொல்ற?”

“மடியில பால் கட்டியிருக்குங்க. இதைப் பார்க்கறதுதான எனக்கு வேலை? பிரசவமாகி ஒரு வாரம் இருக்கும். உள்ள குட்டிங்க இருக்கு. இப்ப சந்தை அடைச்சிடாதீங்க, சொல்லிட்டேன்.”

“அடைக்கல, அடைக்கல. நீ டூட்டிக்குக் கிளம்பு.”

அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கையசைத்தார். திரும்பியதும் ஏணியைத் தூக்கினார்.

முதல் வேலையாக, பரணுக்கு ஏறுகிற சதுர மூடியில் சக்கரவர்த்தியையே பொருத்தினார். அந்த ராட்சச அணில் வீட்டுக்குள் இறங்கிவிட்டால்? மூடியை அடித்துச் சாத்தினால் போதும், டக்கென்று தானே பூட்டிக்கொள்ளும். சாவித் துவாரம் கீழ்ப்பக்கம் மட்டும். உள்ளேயிருந்து திறக்க வழியே கிடையாது. சுற்றிலும் ஒரு நூல் நுழைகிற இடுக்குகூட இல்லாமல் ரப்பர் வைத்து அடைத்தார். பிறகு மூடிக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே ஏறினார். இருபது வருஷமாக அவர் சேர்த்த உடைந்த பூட்டுகள் ஏழு மூட்டை அங்கே கிடந்தன. மூட்டைகளைத் தாண்டித் தவழ்ந்து, அணில் வெளியே போகிற சமயம் பார்த்து, ஓடு விலகிய சந்தில் தகரத்தை வைத்து நாலு மூலையிலும் திருகாணி முடுக்கினார். இறங்கிவந்து கையைத் தட்டினார்.

“முடிஞ்சுது டாக்டர்! இனிமே காத்து வரணும்னாலும் எங்கிட்ட கேட்டுட்டுத்தான் வரணும்” என்று சுவருக்கு மேலாகச் சொன்னார்.

பத்தரை மணிக்கு அணில் திரும்பி வந்தது.

ஓட்டுமேல் முதலில் ஒரு பிராண்டல். அப்புறம் தகரத்தில் பிராண்டல். அப்புறம் ஒரு கத்தல். உள்ளங்கை அளவு உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கிரீச், கிரீச், கிரீச் என்று நிறுத்தாமல் கூரையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஓர் ஓடு சறுக்கி விழுந்து வாசலில் உடைந்தது. அழைப்பு மணிக் கம்பியைக் கடித்துத் துப்பியது. அவர் ஜன்னல்களை எல்லாம் சாத்தினார். இந்த வீட்டில்தான் சாத்துவதற்குப் பஞ்சமில்லையே!

சாத்தியபின் உள்ளே இருந்த சத்தம் கேட்டது. மேலே, மூட்டைகளின் நடுவிலிருந்து, ஊசிமுனை மாதிரி மெல்லிசாக. ஒன்று நிறுத்தினால் இன்னொன்று. அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். நாடகம் ஓடியது. அதிலும் ஒரு குழந்தை அழுதது. அணைத்துவிட்டார். கடைக்குப் போகலாம் என்று செருப்பை மாட்டினார். கால் போகவில்லை. மத்தியானச் சாப்பாடும் இறங்கவில்லை.

இரண்டரை மணிக்கு சிஸ்டர் வந்தாள். வாசலில் உடைந்த ஓட்டைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“ஏணியை எடுங்க.”

“எதுக்கும்மா?”

“எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். ஏறுங்க. நான் பிடிச்சுக்கறேன்.”

அவர் ஏறினார். சாவி போட்டு மூடியைத் திறந்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டையை முட்டுக்கொடுத்தார். தவழ்ந்து போய்த் திருகாணியைக் கழற்றினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது கழன்றதுமே தகரம் லேசாகச் சாய்ந்தது. அந்த இடைவெளியில் வால் விறைத்த ஒரு பந்து பாய்ந்து உள்ளே வந்தது. அவர் தோளில் ஒரு கால், வழுக்கைத் தலையில் இரண்டு கால், மூக்கில் வால்.

“ஐயோ! ஏம்மா!” என்று அலறினார்.

பின்னால் டக்கென்று சத்தம் கேட்டது.

அவருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். எட்டு மாதம் அந்தச் சத்தத்துக்காகத்தான் உழைத்திருந்தார்.

“ஏம்மா… மூடி மூடிக்கிச்சு.”

“ஆமாங்க. நானும் பார்த்தேன்.”

“திற.”

“சாவி?”

அவர் சட்டைப்பையைத் தொட்டார். இருந்தது. துவாரம் கீழே, சாவி மேலே. சாவியைக் கீழே நழுவவிட ஓர் இடுக்கு உண்டா என்று விரலால் நாலு பக்கமும் தடவினார். ரப்பரை அவ்வளவு நேர்த்தியாக வைத்திருந்தார், படுபாவி. ஓட்டுச் சந்து வழியாக வெளியே எறியலாம் என்றால், சந்துக்கு முன்னால் அணில்.

“சாவி எங்கிட்ட இருக்கு” என்றார், குரல் இறங்கி.

“நல்லதாப் போச்சு. பத்திரமா வச்சுக்கோங்க.”

“விளையாடாதம்மா. இங்க அது என்னையே பார்த்துக்கிட்டு இருக்கு.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு முழத் தூரத்தில், ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, வாலை உதறி உதறி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. மொழி புரியவில்லை. தொனி புரிந்தது. வீட்டில் கேட்டுப் பழகிய தொனிதான். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு அது மூட்டைக்குப் பின்னால் இறங்கியது. உடனே அந்த ஊசிமுனைச் சத்தம் நின்றது.

அவர் எட்டிப் பார்த்தார். நோட்டீஸ் கட்டு கிடந்த இடத்தில் ஒரு கூடு. காகிதத்தைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, நாரோடு சேர்த்துப் பின்னி, மெத்தை போட்டிருந்தது. அதில் ஐந்து குட்டிகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு, ரோஜா நிறம், இன்னும் கண் திறக்கவில்லை. தாய் குறுக்கே படுத்ததும் ஐந்தும் முட்டி மோதிக்கொண்டு குடித்தன. கடைசிக் குட்டியின் தலைமாட்டில் ‘நுழைய முடியாது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அவர் விரல் நீட்டி இன்னொரு தடவை எண்ணினார்.

“அஞ்சும்மா” என்றார் பலகையில் வாயை வைத்து. “அஞ்சும் உசிரோட இருக்கு.”

“பால் குடிக்குதா?” என்றாள் சிஸ்டர்.

“குடிக்குது. ஒண்ணு மட்டும் பொடிசு, ஓரத்துல கிடந்து தவிக்குது… இரு, இரு. வந்துடுச்சு. பிடிச்சுக்கிச்சு!”

அந்த நேரம் பார்த்து வெளியே பல் டாக்டரின் குரல் கேட்டது. “சிஸ்டர்! சார் அலறின மாதிரி இருந்துச்சே? எங்க அவரு?”

மேலே பூட்டுக்கடைக்காரர் பலகையோடு பலகையாக ஒட்டிக்கொண்டார். சொன்னாள் என்றால் தீர்ந்தது. தன் பூட்டுக்குள் தானே சிக்கியவன் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். கண்காட்சிக்கு மேசையும் வேண்டாம், சவாலும் வேண்டாம்.

“பரண்ல இருக்காரு டாக்டர்” என்றாள் சிஸ்டர்.

“பரண்லயா? என்ன பண்றாரு?”

சிஸ்டர் நிதானமாகக் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அந்த இடைவெளியில் அவருக்கு இரண்டு முடி நரைத்தது, இருந்த நாலில்.

“அணில் குட்டி போட்டிருக்கு. பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறாரு.”

“ஆகா! என்ன மனசு சிஸ்டர் அவருக்கு!” என்று டாக்டர் நெகிழ்ந்துபோய்த் திரும்பினார்.

செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் சிஸ்டர் ஏணியில் இரண்டு படி ஏறி, மூடிக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினாள்.

“கேட்டீங்களா? உங்களைப் பத்தி ஊர்ல நல்ல பேரு ஆரம்பிச்சிருக்கு. இனிமே அதைக் காப்பாத்தணும். ஆறு வாரம்.”

“ஆறு வாரமா?”

“கண்ணு திறக்கணும். பல்லு முளைக்கணும். தானா ஓடணும். அதுக்கப்புறம்தான் டிஸ்சார்ஜ். அதுவரைக்கும் தகரம், திருகாணி, சுத்தியல் எதுவும் என் வார்டுக்குள்ள வரக்கூடாது.”

“உன் வார்டா? இது என் பரண்!”

“அப்ப உங்க பரண்லயே இருங்க. நான் போய்க் குளிக்கறேன்.”

“இரு, இரு, இரு! சரி. ஆறு வாரம்.”

“அந்த ஏழு மூட்டை.”

“அது எதுக்கு நடுவுல? அது எல்லாம் பொக்கிஷம்மா!”

“இருபது வருஷமாத் துருப்பிடிச்ச பொக்கிஷம். மேல இருக்கிற பாரத்துல பலகை வளைஞ்சு என் தலைமேல தொங்குது. பழைய இரும்புக்காரர் வெள்ளிக்கிழமை வருவாரு. கூட்டை ஆட்டாம ஒவ்வொண்ணா நீங்களே எடுத்துக் குடுக்கணும்.”

அவர் மூட்டைகளைப் பார்த்தார். வாழ்நாளில் தான் கைவைத்த முதல் பூட்டு அதில் ஒன்றில் இருந்தது. அணில் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

“ஒரே ஒரு பூட்டு மட்டும் வச்சுக்கறேன்.”

“ஒண்ணு. சரி.”

“அப்ப எனக்கும் சரி.”

“சத்தமாச் சொல்லுங்க.”

“சரி!” என்று கத்தினார்.

“மெதுவாங்க! குழந்தைங்க தூங்குது.”

சொல்லி வாய் மூடவில்லை, டக்கென்று மூடி திறந்தது. வெளிச்சத்தில் சிஸ்டரின் முகம் தெரிந்தது. நெற்றியில் ஒரு முடிக்கற்றை அவிழ்ந்து தொங்கியது. கையில் ஒரு ஹேர்பின்.

அவர் பூட்டைப் பார்த்தார். ஹேர்பின்னைப் பார்த்தார். சக்கரவர்த்தி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

“எப்படி…?”

“இதாலதான்.”

“எட்டு மாசம்மா! எட்டு மாசம்!”

“நல்ல பூட்டுதாங்க. மத்ததெல்லாம் நாலு எண்ணறதுக்குள்ள திறக்கும். இது பத்து ஆச்சு.”

“மத்ததெல்லாமா? எப்போலேர்ந்து?”

“கல்யாணமான மூணாவது மாசம். நீங்க என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுச் சாவியோட கடைக்குப் போயிட்டீங்க. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. அங்க ஒருத்தி வலியில துடிக்கறா. நான் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாக் குழந்தை காத்துக்கிட்டு இருக்குமா?”

அவர் ஏணியின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்து நாலு வருஷமாகத் தான் பூட்டிய வீட்டில், பூட்டே இல்லாத மாதிரி ஒருத்தி போய் வந்திருக்கிறாள். ஒரு நாளாவது சொல்லிக் காட்டினாளா? இல்லை. கடையிலிருந்து வந்து புதுப் பூட்டைக் காட்டும்போதெல்லாம், “அடேயப்பா, இதை யாரால திறக்க முடியும்?” என்றுதானே சொன்னாள்?

“ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். கட்டை முட்டுக்கொடுத்துத்தான இருந்துச்சு? மூடி எப்படி மூடிக்கிச்சு?”

“காத்து” என்றாள் சிஸ்டர், ஹேர்பின்னைக் கொண்டையில் செருகிக்கொண்டே.

அவர் எல்லா ஜன்னல்களையும் பார்த்தார். காலையில் அவர் கையாலேயே சாத்தியவை. ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

வாய்ப்பூட்டு என்று ஒன்றை அவர் அதுவரை செய்ததில்லை. அன்றைக்குத் தானாகவே அமைந்தது.

ஆனால் தொழில்காரர் தொழில்காரர்தான். சாயங்காலமே சக்கரவர்த்தியைக் கழற்றி மேசைமேல் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, “எங்க குத்தின? காட்டு” என்றார். அவள் காட்டினாள். மூன்றாவது ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் தளர்வு, அதில் லேசாக ஒரு தள்ளு. அவர் ஸ்பிரிங்கை மாற்றினார். அவள் வேறு வழியில் திறந்தாள். அந்த வழியையும் அடைத்தார். ஒரு வாரம் வீட்டில் இதே வேலை. அவர் பூட்ட, அவள் திறக்க, மேலே அணில் குடும்பம் தடதடக்க. வெள்ளிக்கிழமை மூட்டைகளும் போயின. பலகை நிமிர்ந்தது. சனிக்கிழமை அவள் டீயைக்கூட மறந்து ஒரு மணி நேரம் ஹேர்பின்னோடு மல்லாடினாள். இரண்டு பின் வளைந்தது. கடைசியில் கையை உதறினாள்.

“முடியலைங்க.”

“நிஜமாவா? எனக்காகச் சொல்லலையே?”

“என் வேலை மேல சத்தியமா முடியல.”

அதற்குமேல் அவருக்குச் சான்று வேண்டியிருக்கவில்லை.

கண்காட்சியில் நாற்பத்து மூன்று பேர் முயன்றார்கள். அதில் மூன்று பேர் பூட்டுத் தொழில்காரர்கள். ஒருவர் எந்தத் தொழில் என்று சொல்ல மறுத்துவிட்டார். சக்கரவர்த்தி அசையவில்லை. சங்கத் தலைவர் கேடயத்தைக் கையில் கொடுத்து மைக்கை நீட்டினார். ‘எல்லாம் என் ஒருவன் உழைப்பு’ என்று முடிகிற ஒரு பேச்சை அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கடைசி வரிசையில் சிஸ்டர் நின்றாள். டூட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள், யூனிபாரம்கூட மாற்றாமல்.

அவருக்கு மனப்பாடம் மறந்துவிட்டது.

“இந்தப் பூட்டை ஒருத்தரால திறக்க முடிஞ்சுது” என்றார். சபை சலசலத்தது. “அதோ நிக்கறாங்களே, என் வீட்டுக்காரி. பத்து எண்ணறதுக்குள்ள திறந்தாங்க. ஒரு ஹேர்பின்னால. அதுக்கப்புறம் அவங்களே திறக்க முடியாத மாதிரி செஞ்சேன். அதனாலதான் உங்களால முடியல. அவங்களைவிடக் கெட்டிக்காரங்க யாராவது இருந்தா மேடைக்கு வரலாம்!”

யாரும் வரவில்லை. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். கூட்டத்தில் அத்தனை பேர் திரும்பிப் பார்க்க, சிஸ்டர் முதல்முறையாக வெட்கப்பட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். கேடயத்தைவிட அந்த முகம்தான் அவருக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கேடயத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் பையைத் தான் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஆறு வாரம் ஆனது. ஏழாவது வாரம் அவர் தன் கையால் ஒரு குட்டிக் கதவு செய்து அந்தச் சந்தில் பொருத்தினார். உள்ளேயிருந்து முட்டினால் திறக்கும், வெளியேயிருந்து முட்டினால் திறக்காது. போகலாம், திரும்பி வர முடியாது. காலையில் இருவரும் பின்பக்கப் படியில் டீயோடு உட்கார்ந்தார்கள். தாய் முதலில் வந்து கிளையில் நின்று கூப்பிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று குட்டிகள் வெளியே குதித்தன. அந்தப் பொடிசு மட்டும் வரவே இல்லை. கதவைத் தள்ளும், மூக்கை நீட்டும், உள்ளே இழுத்துக்கொள்ளும். டீ ஆறிப்போனது.

“வாடா, வாடா கண்ணா, தள்ளுடா” என்று பூட்டுக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அது குதித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தூசி” என்றார்.

“ஆமாங்க, காத்துல வந்திருக்கும்” என்றாள் சிஸ்டர்.

இரண்டு நாள் கழித்துப் பல் டாக்டர் வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“சார், எங்க பரண்ல வௌவால். ஒரு கூட்டமே இருக்கு. பல்லைப் பார்த்தேன் சார், ஒவ்வொண்ணும் ஊசி!”

பூட்டுக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். நெஞ்சு நிமிர்ந்தது. அணிலோடு ஒரே பரணில் இருந்த ஆள். சக்கரவர்த்தியைச் செய்த கை.

“கவலையே படாதீங்க டாக்டர். ஒரு டார்ச் போதும். அஞ்சு நிமிஷத்துல வரேன்.”

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. “ரொம்ப சந்தோஷம் சார். சிஸ்டர் ஏற்கெனவே எங்க வீட்டுலதான் இருக்காங்க. ஏணி பிடிக்க மட்டும் ஒரு நம்பகமான ஆள் வேணும், அவரைக் கூப்பிட்டுட்டு வாங்கன்னு அனுப்பினாங்க.”